அப்ரைட் பியானோ: குறை எங்கே இருக்கிறது?

கிராண்ட் பியானோவுக்கு வசதியோ இடமோ இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளும் இரண்டாந்தரப் பொருள்தான் அப்ரைட் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை முன்பலகையைக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒலி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: வார்ப்பிரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய இருநூற்றுச் சொச்சம் கம்பிகள், அவற்றின் அதிர்வைக் குதிரை வழியாக வாங்கிப் பரப்பும் ஸ்ப்ரூஸ் மர ஒலிப்பலகை. கம்பி, கிராண்டில் போலப் படுத்திருக்கிறதா, அப்ரைட்டில் போல நிற்கிறதா என்பது இங்கே பெரிய விஷயமல்ல. மந்தர ஸ்தாயிக் கம்பிக்கு எவ்வளவு நீளம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. நீளம் குறைந்தால் செம்பைச் சுற்றிக் கனமாக்க வேண்டும். தடித்து விறைத்த கம்பியின் மேற்சுரங்கள் சுருதி பிசகி மேலேறும். யமஹாவின் யு3 அப்ரைட் 131 செ.மீ. உயரம், ஜிபி1கே என்ற குட்டி கிராண்ட் 151 செ.மீ. நீளம். ஆனால் கிராண்டின் நீளத்தில் ஒரு பங்கைக் கட்டைகள் எடுத்துக்கொள்கின்றன. அப்ரைட்டில் அவை முன்னால் துருத்தி நிற்பதால் உயரம் பெரும்பாலும் கம்பிக்கே. ஆக, உயரமான அப்ரைட் ஒலியில் குட்டி கிராண்டுக்குத் தாழ்ந்ததல்ல.

அப்ரைட்டின் குறை, சுத்தியலை இயக்கும் பொறியில் இருக்கிறது. கட்டையை அழுத்தினால் பின்முனை எழும்பி விப்பன் என்ற நெம்புகோலைத் தூக்கும். அதன்மேல் நிற்கும் ஜாக், சுத்தியலைத் தள்ளும். கம்பியைத் தொட இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கையில் ஜாக் நழுவிக்கொள்ளும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடக்கும். இல்லையென்றால் கம்பியோடு ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். கிராண்டில் சுத்தியல் கீழிருந்து மேலே அடிக்கிறது, தன் எடையாலேயே விழுகிறது. பியானோ தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார் உருவாக்கிய, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட கூடுதல் நெம்புகோல், கட்டை முழுதாக எழுவதற்கு முன்பே ஜாக்கைத் திரும்ப அடியில் புகவிடுகிறது. அப்ரைட்டின் சுத்தியலோ கிடைமட்டமாகப் போய் வருவது. ஸ்பிரிங்கும், லண்டன்காரர் ராபர்ட் வோர்னம் வழிவந்த சிறு நாடாவும் அதைத் திருப்ப உதவ வேண்டும். கட்டை ஏறக்குறைய முழுதாக எழுந்த பின்தான் ஜாக் தன் இடத்துக்கு வரும். இசையமைப்பாளர் ரவேலின் 'அல்போராடா டெல் கிராசியோசோ' போல ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று திருப்பி அடிக்கும் படைப்பில் இது அம்பலமாகும். கேட்பவர்கள் பழியை விரல்மேல்தான் போடுவார்கள்.

இடது பெடலும் அப்படித்தான். கிராண்டில் சுத்தியல் வரிசையே பக்கவாட்டில் நகர்வதால் ஒலியின் நிறம் மாறும். அப்ரைட்டில் சுத்தியல்கள் கம்பிக்குக் கிட்டே வரும். சத்தம் குறையும், அவ்வளவே. பலவற்றில் நடுப் பெடல் இறக்கும் ஃபெல்ட் திரை அண்டை வீட்டாருக்கான சலுகை.

ஆகவே 120 செ.மீ.க்குக் குறையாத, பொறி நன்றாகச் சீரமைக்கப்பட்ட அப்ரைட், தொடக்க மாணவருக்கும் இடைநிலை மாணவருக்கும் சமரசமே அல்ல. அதே பணத்தில் பழைய குட்டி கிராண்டைத் தேடுவது பெரும்பாலும் வரவேற்பறை அலங்காரத்துக்காக. ஒரு மீட்டருக்கும் குட்டையான ஸ்பினெட்டை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: அதன் பொறி கட்டைக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது, பழுது பார்ப்பவர் சபிப்பார். மேடை வாசிப்பைக் குறிவைப்பவர் மட்டும், மந்தர ஒலி சற்று மோசமானாலும், கிராண்டுக்கே போக வேண்டும்.