உருளைக்கிழங்கின் ஊர்க்காரி

நீலகிரியின் கேத்திச் சரிவில் கார்போக உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும் நாளில் போனால், வரப்போரம் வாடிக் கிடக்கும் களைக் குவியலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அதில் ஒரு பூ இருக்கும். பூ என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சட்டைப் பொத்தானில் பாதிதான். நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றிலும் எண்ணி ஐந்தே வெள்ளை இதழ், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். இதழ்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் பால்பல் விழுந்த குழந்தை சிரிப்பது மாதிரி இருக்கும்.

கலின்சோகா. சமவெளியில் வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கும் மூக்குத்திப் பூண்டுக்குத் தங்கை முறை. பெயர் ஸ்பெயின் அரசவை மருத்துவர் ஒருவருடையது. 1796-ல் பெருவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன செடி, மதில் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. ஆங்கிலேயர் வாயில் பெயரும் சிதைந்து ‘கேலன்ட் சோல்ஜர்’ ஆனது. வீரச் சிப்பாய்! களை எடுத்து இடுப்பொடிந்தவர்கள் பொருத்தம் என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு இதன்மேல் பிரியம் வந்தது அடுப்படி வழியாக. கொலம்பியத் தலைநகர் பொகோட்டா சுமார் 2,600 மீட்டர் உயரம், ஊட்டியைவிடச் சற்று அதிகம். அந்தக் குளிருக்கு அங்கே ‘அஹியாகோ’ என்றொரு சூப். கோழி, மக்காச்சோளம், மூன்று வகை உருளைக்கிழங்கு. ஒரு வகை கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும், மற்றவை துண்டாக நிற்கும். அதில் போடுவது இந்தக் களையின் காய்ந்த இலையைத்தான். அங்கே அதற்கு ‘குவாஸ்கஸ்’ என்று பெயர். கொத்தமல்லி இல்லாத ரசத்தையாவது குடித்துவிடலாம். குவாஸ்கஸ் இல்லாததை அவர்கள் அஹியாகோ என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் பயிரிட்ட உருளைக்கிழங்குக்கும் பூர்வீகம், இந்தச் செடி வந்த அதே ஆண்டீஸ் மலைதான். கடல் தாண்டி வந்து ஒரே பாத்தியில் சேர்ந்த ஊர்க்காரிகள். ஒருத்திக்கு ஊட்டி அருகே முத்தோரையில் 1957 முதல் ஆராய்ச்சி நிலையமே உண்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி உண்டு. மற்றவளுக்குக் களைக்கொத்துதான்.

வளர்க்கப் பெரிய வித்தையெல்லாம் வேண்டாம். மண்ணைக் கிளறிவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். பூக்கும் முன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். விதைக்க விட்டால் ஒரே செடி ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். பிறகு பக்கத்து கேரட் தோட்டக்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மருந்தடித்த நிலத்தில் மட்டும் பறிக்கவே கூடாது.

பச்சையாகப் பொரியல் செய்தால் சுமார்தான். அரைக்கீரைக்குக் கிட்டே வராது. நிழலில் உலர்த்தினால்தான் அதன் சமர்த்து தெரியும். வைக்கோல் வாடையும் தேயிலை வாடையும் கலந்த மாதிரி ஒரு மணம் எழும்பும். ஊட்டிக் கிழங்கு நாலைக் குழைய வேகவைத்து, உப்பும் மிளகும் போட்டு, இறக்கப்போகும் நேரத்தில் ஒரு கைப்பிடி இலையைக் கசக்கித் தூவிப் பாருங்கள்.