வேலியும் பயிரும்: தேசப் பாதுகாப்பும் பெண்ணிய ஆய்வுகளும்

1984 கோடையில் காரல் கோன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், அணு ஆயுத வியூக நிபுணர்கள் நடத்திய இரண்டு வாரப் பட்டறைக்குப் போனார். போனவர் அவர்களோடு ஓராண்டு இருந்துவிட்டார். ஆட்கள் பண்பானவர்கள், வேடிக்கையாகப் பேசுகிறவர்கள். அதுதான் அவரை அதிகம் தொந்தரவு செய்தது. நீர்மூழ்கிக் கப்பல் தளம் ஒன்றைப் பார்க்கப் போனபோது, துளை வழியே கையை விட்டு ஏவுகணையைத் தட்டிக்கொடுக்கலாம் என்று விருந்தினர்களை அழைத்தார்கள். நிபுணர்களின் பரிபாஷையைக் கற்கும்வரை கோன் கேட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. கற்று முடித்த பிறகோ, கேட்க வந்த கேள்வியை அந்தப் பரிபாஷையில் கேட்க வழியே இல்லை. ஆயுதங்கள் எப்படிப் பிழைக்கும் என்று விவாதிக்கலாம். மனிதர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்டால் விவரம் தெரியாதவர் ஆகிவிடுவார்.

1987இல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்து இந்தத் துறைக்குள் நுழைவது நல்லது. காரணம், பெண்கள் இயல்பிலேயே அமைதி விரும்பிகள் என்ற வாதத்தை அது நம்பியிருக்கவில்லை. அந்த வாதத்துக்கு வலிமை உண்டு. 1982 டிசம்பரில் இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானத் தளத்தை, அணு ஏவுகணைகளை எதிர்த்துச் சுமார் 30,000 பெண்கள் கைகோத்து வளைத்தபோது, கம்பி வேலியில் குழந்தைகளின் துணிகளைத் தொங்கவிட்டார்கள். ஆனால் தாய்மையை அடித்தளமாக வைத்தால், நாளைக்கு அரசும் அதே தாய்மையிடம் வந்து பிள்ளையைப் போர்முனைக்குக் கேட்கும். எத்தனையோ நாடுகளில் கேட்டிருக்கிறது.

சிந்தியா என்லோ 1989இல் வெளியிட்ட நூல் வேறு பாதையில் போனது. உலக அரசியலில் பெண்கள் எங்கே என்று கேட்டுவிட்டு, வாழைத் தோட்டக் கூலிகளையும், சம்பளமில்லாமல் விருந்து நடத்தும் தூதர்களின் மனைவிமாரையும், படைத்தளங்களைச் சுற்றியுள்ள விடுதிகளையும் காட்டினார். அங்கிருந்து கிளைத்ததுதான் கேத்தரின் மூன் 1997இல் எழுதிய தென்கொரியா பற்றிய ஆய்வு. இந்தத் துறையில் ஒரே ஒரு நூல்தான் படிக்க நேரம் உண்டு என்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். 1970களின் தொடக்கத்தில் நிக்சன் அரசு கொரியாவிலிருந்து துருப்புகளைக் குறைத்தது. எஞ்சிய அமெரிக்கப் படையைத் தக்கவைத்துக்கொள்ள சியோல் அரசு எடுத்த முயற்சிகளில் ஒன்று, முகாம் நகரங்களைத் ‘துப்புரவாக்கும்’ இயக்கம். அங்கே பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை. நோய் இருப்பதாகத் தெரிந்தால் அடைத்துவைத்துச் சிகிச்சை. கூடவே, டாலர் ஈட்டித்தரும் தேசபக்தர்கள் என்ற பாராட்டு. இரு அரசுகளின் ராணுவக் கூட்டணி ஒரு பெண்ணின் மருத்துவ அட்டைவரை இறங்கிவருவதை மூன் காட்டினார். இதற்கு அரசு பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2022 செப்டம்பரில்தான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்போம். அந்தப் பழமொழி, நல்ல வேலி ஒன்று எங்கோ கெட்டுப்போனதாக வைத்துக்கொள்கிறது. ஜூடித் ஸ்டீம், ஸ்பைக் பீட்டர்சன் போன்றோர் சொல்வது இன்னும் கடுமையானது: காப்பவர், காக்கப்படுபவர் என்ற ஏற்பாட்டிலேயே மேய்ச்சலும் அடக்கம். அரசு உருவாவதைப் பாதுகாப்பு தருவதாகச் சொல்லிக் காசு பறிக்கும் கும்பலின் வேலையோடு சார்லஸ் டில்லி 1985இல் ஒப்பிட்டிருந்தார். பீட்டர்சன் அதைக் குடும்பம்வரை நீட்டினார். 2003இல் ஐரிஸ் மேரியன் யங், செப்டம்பர் 11க்குப் பிந்தைய அமெரிக்காவில் குடிமக்கள் எல்லாருமே மனைவியின் இடத்துக்குத் தள்ளப்பட்டதாக எழுதினார். வீட்டுத் தலைவர் காப்பார், நீ எதிர்த்துப் பேசாதே.

அப்படியானால் பெண்ணியம் அரசிடம் எதையாவது கேட்கலாமா? இங்கேதான் துறை இரண்டுபடுகிறது. 2000 அக்டோபரில் பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றி ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம், 2014இல் சுவீடன் அறிவித்த பெண்ணிய வெளியுறவுக் கொள்கை ஆகியவை கேட்கலாம் என்பவர்களின் வெற்றிகள். சுவீடனின் அடுத்த அரசு 2022இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. ஆப்கன் பெண்களின் விடுதலையைச் சொல்லி 2001இல் போருக்கு நியாயம் தேடப்பட்டதையும் மற்ற தரப்பு மறக்க விடுவதில்லை. 1987இல் ‘பெண்களும் போரும்’ பற்றிக் கூர்மையாக எழுதிய ஜீன் பெத்கே எல்ஷ்டைன், பிறகு பயங்கரவாதத்துக்கு எதிரான போரை ஆதரித்துப் புத்தகம் எழுதியது தனிக் கதை.

தெற்காசிய எழுத்துகளில் இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. ரஜனி திராணகம ‘முறிந்த பனை’யில் இந்திய அமைதிப்படைக் காலத்தில் யாழ்ப்பாணப் பெண்கள் பட்டதைப் பதிவுசெய்தார், தமிழ் ஆயுத இயக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். புலிகள் இயக்கத்துப் பெண் போராளிகள் விடுதலை பெற்றவர்களா, இன்னொரு ராணுவத்தின் கருவிகளா என்ற விவாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அந்த இரண்டு பெட்டிகளிலும் அவர்கள் அடங்கமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணிப்பூரில் 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமாவை அசாம் ரைபிள்ஸ் படையினர் வீட்டிலிருந்து பிடித்துச் சென்றார்கள்; மறுநாள் சடலம் கிடைத்தது. நான்கு நாள் கழித்து, நடுவயதைக் கடந்த பன்னிரண்டு பெண்கள் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். தீப்தி மிஸ்ரி உட்படப் பலர் அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் உடலை முன்வைத்து. எனக்கு அதற்கு நிகராகப் படுவது, அவ்வளவாகப் படம்பிடிக்கப்படாத இன்னொரு வேலை. படையினராலும் போலீசாராலும் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார், கணவரை இழந்த பெண்களே முன்னின்று, சங்கம் அமைத்து 1,528 சாவுகளின் பட்டியலோடு 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் படையினருக்கு முழு விலக்கு எதையும் தரவில்லை என்று 2016 ஜூலையில் நீதிமன்றம் கூறியது. அரசை நம்பாமலே அரசிடம் வழக்காடுவது அது. யங்கின் கோட்பாட்டிலும் ஐ.நா. தீர்மானத்திலும் இதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டம் 1958இல் வந்தது. அதன் 6ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர்மீது வழக்கு நடத்த முடியாது. காஷ்மீருக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விதி உண்டு. அங்கிருந்து 2001 முதல் வந்த 50 அனுமதிக் கோரிக்கைகளில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் உள்ளன என்று 2018 ஜனவரியில் மாநிலங்களவையில் அரசே தெரிவித்தது. பாலியல் வன்முறை வழக்குகளுக்கு இந்த முன் அனுமதி கூடாது என்று நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் பரிந்துரைத்தது. அதே ஆண்டு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது சாதாரண அரசு ஊழியர்களுக்கு அந்தக் கவசம் நீங்கியது. 6ஆம் பிரிவில் யாரும் கைவைக்கவில்லை.