வலிக்காத கோணம்

தோளின் உச்சியில் கவிந்திருக்கும் எலும்புக்கும் கீழே உருளும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் இடைவெளி. சுப்ராஸ்பைனேடஸ் தசைநாணும் உராய்வைத் தணிக்கும் பர்சா என்ற மெல்லிய பையும் அந்தச் சந்துக்குள்தான் இருக்கின்றன. அங்கே நெருக்கடி வந்தவர் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் 60 டிகிரி வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. 60க்கும் 120க்கும் இடையில் சுரீரென்று குத்தும், தாண்டினால் விட்டுவிடும். பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கக்கூட அந்த வளைவைக் கடந்தாக வேண்டும்.

இதற்கு நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகன் வகுத்த கைமுறையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நோயாளி உட்கார்ந்திருக்க, சிகிச்சையாளர் வலியில்லாத தோளின் பக்கம் போய் நிற்கிறார். அங்கிருந்து ஒரு கை முதுகைச் சுற்றிச் சென்று தோள்பட்டை எலும்பின்மேல் விரிந்து படிகிறது. மறு கை நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, கட்டைவிரலடி மேட்டை மேற்கை எலும்புத் தலையின் முன்புறத்தில் வைக்கிறது. பிறகு பின்னோக்கி, சற்றே வெளிப்புறமாக ஒரு தள்ளல். அந்தச் 'சற்றே' முக்கியம்: மூட்டுக்குழி நேராகப் பக்கவாட்டைப் பார்ப்பதில்லை, முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதன் தளத்தையொட்டித் தள்ள வேண்டும்.

அந்த அழுத்தம் நிற்கும்போதே நோயாளி தானாகக் கையைத் தூக்குகிறார். வலிக்கக்கூடாது என்பது விதி. வலித்தால் திசையை இம்மி மாற்றி மறுபடி பார்க்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பின்னால் இருக்கும் கையின் வேலை இன்னும் நுட்பம். நோயாளியின் கை 180 டிகிரி உயர்வதில் சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் வருகிறது. இன்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1944லேயே இதை விளக்கினார்கள். ஆகவே சிகிச்சையாளரின் கை தோள்பட்டை எலும்பை இறுக்கிப் பிடித்தால் காரியம் கெடும். சைக்கிள் பழகும் பிள்ளையின் சீட்டைப் பிடித்தபடி ஓடும் அப்பாவைப் போல, தாங்கவும் வேண்டும், போகவும் விட வேண்டும்.

1972இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் இந்த வலிக்கு உரசலே காரணமென்று கருதி, தோளின் உச்சியில் கவிந்த எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் வழியைச் சொன்னார். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், செதுக்கியவர்களுக்கும், கருவியை விட்டுப் பார்த்துச் செதுக்காமல் விட்டவர்களுக்கும் வலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கைச்சிகிச்சையின் பலனும் தனியே நெடுநாள் நிற்பதில்லை. கிடைத்த வலியில்லாத வீச்சுக்குள், ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்தசைகளை வலுவாக்கும் பயிற்சியை அன்றே தொடங்கிவிடுகிறார்கள்.