பின்தேதி போட்ட கடிதங்கள்

சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு வகை என்று எம்.ஏ. வகுப்பில் எழுதிப் போட்டார்கள். உலா, தூது, பள்ளு, குறவஞ்சி என்று நீளும் அந்தப் பட்டியலில் தொண்ணூற்றேழாவதாகச் சட்டமன்றத் தீர்மானத்தையும் சேர்க்க வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதற்கும் இலக்கணம் இருக்கிறது. கிளியும் மேகமும் போன வழியில் இப்போது தீர்மானம் போகிறது. பாட்டுடைத் தலைவன் தில்லியில் இருக்கிறான். 'தொப்புள்கொடி உறவு' என்று தொடங்கினால் 'வலியுறுத்துகிறது' என்று முடிக்க வேண்டும். பள்ளுப் பாட்டில் நம்மாளு வாயிலேயே பண்ணையின் பெருமையை வைத்துப் பாடின மாதிரி, இங்கேயும் சாகிறவன் பேரால் வேறொருத்தர் பெருமை பாடப்படும்.

2008 அக்டோபருக்கும் 2009 மேக்கும் நடுவே, ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டின் சட்டமன்றமும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மத்திய அரசுக்கு எழுதிய, பேசிய, கொடுத்த பிரதிகளை விமர்சனமாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். துரோகம் என்றும் தியாகம் என்றும் இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. யாரும் அவற்றை எழுத்தாக எடுத்து வாசிக்கவில்லை.

நடந்தது இது. 2008 அக்டோபர் 14 அன்று முதல்வர் கருணாநிதி கூட்டிய அனைத்துக்கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்துக்குள் மத்திய அரசு போர் நிறுத்தத்துக்கு வழி செய்யாவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் எல்லாரும் பதவி விலகுவார்கள் என்றது. அடுத்த சில நாட்களில் திமுக எம்.பி.க்கள் அக்டோபர் 29 என்று பின்தேதி போட்டு ராஜினாமாக் கடிதங்களைக் கட்சித் தலைவரிடம் கொடுத்தார்கள். 24ஆம் தேதி சென்னையில் கொட்டுகிற மழையில் மனிதச் சங்கிலி. 26ஆம் தேதி பசில் ராஜபக்சே தில்லிக்கு வந்து பிரணாப் முகர்ஜியைப் பார்த்தார். அன்றைக்கே பிரணாப் சென்னைக்குப் பறந்து வந்தார். 800 டன் நிவாரணப் பொருள் போகும் என்றார்கள். கடிதங்கள் உறைக்குள்ளேயே தங்கிவிட்டன.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அரசியல் சட்டத்தின் 101ஆவது பிரிவுப்படி மக்களவை உறுப்பினர் ராஜினாமா செய்ய வேண்டுமென்றால் சபாநாயகருக்குத் தன் கைப்பட எழுத வேண்டும். மாநிலங்களவை என்றால் அவைத் தலைவருக்கு. கட்சித் தலைவர் கையில் கொடுக்கும் காகிதம் சட்டத்தின் கண்ணில் வெறும் காகிதம். அது மட்டுமில்லை. 1974இல் கொண்டுவந்த 33ஆவது திருத்தத்துக்குப் பிறகு, கடிதம் சுயவிருப்பத்தில் எழுதப்பட்டதா, உண்மையானதா என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். இத்தனை பேரிடம் மொத்தமாக வாங்கிக் கட்டி வைத்த கடிதங்களை எந்தச் சபாநாயகர் சுயவிருப்பம் என்று ஏற்பார்? முகவரி தப்பிய கடிதம் இது. எழுதினவர்களுக்குச் சட்டம் தெரியாதா என்ன! போய்ச் சேரக்கூடாது என்றே எழுதப்பட்ட தூது.

ஆனால் இந்த எட்டு மாதப் பிரதிகளில் தேதி போட்ட ஒரே பிரதி அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். அதனாலேயே தில்லி பதறிப்போய் ஆளை அனுப்பியது. மூன்று மாதத்துக்கு முன்பு, 2008 ஜூலை 22 அன்று, மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை ஓட்டில் 275க்கு 256 என்று பிழைத்திருந்தது. வித்தியாசம் 19. திமுகவுக்கு மக்களவையில் 16 பேர். அவர்கள் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் அரசாங்கமே இல்லை. அப்படிப்பட்ட கையில் தேதியும் இருந்தபோது பேச்சு நடந்தது. தேதி போனதும் பேச்சும் போய்விட்டது. நவம்பர் 12இல் சட்டமன்றத் தீர்மானம், டிசம்பர் 4இல் பிரதமரிடம் தூதுக்குழு, 2009 ஜனவரி 23இல் 'இறுதி வேண்டுகோள்' என்று இன்னொரு தீர்மானம். இவற்றில் எதற்கும் கெடு இல்லை, கேட்காவிட்டால் என்ன செய்வோம் என்பதும் இல்லை. ஒவ்வொன்றிலும் உறவு மட்டும் நெருங்கிக்கொண்டே வருகிறது.

எண்ணிக்கை விசயத்துக்கு வருவோம். 2009 பிப்ரவரியில் வன்னிக்குள் சிக்கியிருக்கும் சனம் சுமார் 70 ஆயிரம் என்று பிரணாப் முகர்ஜி நாடாளுமன்றத்தில் சொன்னார். போர் முடிந்து மெனிக் பார்ம் முதலான முகாம்களில் கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்டவர்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். உயிரோடு வந்தவர்கள் மட்டுமே இத்தனை. செத்தவர்கள் 40 ஆயிரம் வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று 2011இல் ஐ.நா. செயலாளர் அமைத்த நிபுணர் குழு எழுதியது. எழுபதாயிரம் பேருக்குத்தான் சோறும் மருந்தும் என்றால் மிச்சப் பேர் காகிதத்திலேயே செத்தாகிவிட்டது. ஒரு போரை முடிக்கத் திட்டம் கேட்கிறவன் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே எத்தனை பேர்? எந்த வழியாக வெளியே வருவார்கள்? வழியில் யார் காவல்? வெளியே வர முயன்ற சனத்தைப் புலிகளே சுட்டார்கள், வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துப் போனார்கள் என்று அதே குழு எழுதியிருக்கிறது. பிடிபட்ட பிள்ளை பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்ப வக்கில்லாத வீட்டுப் பிள்ளை. நம்ம மேடைகளில் இதைப் பேசியவர்கள் மிகக் குறைவு. உறவு என்று கட்டிப் பிடித்துக்கொண்டால் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும் போல.

கணக்கு வைத்து எழுத ராஜாங்கத்துக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஏழுக்கு நாலு விகிதம், பதினைந்து வருசக் கெடு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருசம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எவ்வளவு சுத்தமான திட்டம்! அதில் தொப்புள்கொடி கிடையாது, எண் மட்டும்தான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி கையைப் பிடித்துப் போன பறையர், பள்ளர், சக்கிலியர் குடிகள் அதில் பெரும்பங்கு. நிஜமாகவே தொப்புள்கொடி அறுந்து போனவர்கள் அவர்கள்தான். உறவு என்ற சொல் அவர்களுக்குச் செலவழிக்கப்படவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எந்த உறவுமுறை உண்டு, கடல் தாண்டி மட்டும் வருவதற்கு?

வன்னியில் கடைசியாகச் செத்தவர்களில் இந்தச் சனமும் உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் பலர் அறிய மாட்டார்கள். 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து, அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர்கள். காணி உறுதி இல்லாதவர்கள். 2007இல் மன்னார்ப் பக்கமிருந்து ராணுவம் தள்ளிக்கொண்டு வந்தபோது சனம் மடு, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் மணலில் போய் முட்டியது. சயந்தனின் 'ஆதிரை' நாவல் (2015) இந்த மலையகக் குடிகளைக் கதைக்குள் கொண்டுவந்தது. சட்டமன்றம் விட்ட இடத்தை நாவல் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து வாசிக்க ஒரு ராஜினாமா நம்மிடம் இருக்கிறது. 1951 செப்டம்பர் 27இல் அண்ணல் அம்பேத்கர் நேருவுக்குக் கொடுத்தது. அக்டோபரில் அவையில் விளக்க அறிக்கை படிக்கப் போனவரிடம் முன்கூட்டியே பிரதி கேட்டார்கள். கொடுக்க மறுத்து வெளியே வந்து பத்திரிகைகளுக்குத் தந்தார். இந்து சட்ட மசோதாவுக்காக விலகினார் என்று மட்டுமே பாடப்புத்தகம் சொல்லும். அந்த அறிக்கையில் தாழ்த்தப்பட்டோர் புறக்கணிப்பும் இருக்கிறது, வெளியுறவுக் கொள்கையும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 350 கோடி, அதில் ராணுவத்துக்கு 180 கோடி போகிறது, ஏன் போகிறது என்று கேட்கிறார். காஷ்மீர்ச் சண்டையை முடிக்க எந்தப் பகுதி யாரோடு சேர வேண்டும், எந்தப் பகுதி மக்களிடம் ஓட்டெடுக்க வேண்டும் என்று தன் யோசனையையும் வைக்கிறார். அந்த யோசனை சரியா என்று சண்டை போடலாம், நானே போடுவேன். ஆனால் பணத்தைக் காட்டி, வரைபடத்தைக் காட்டி, பதவியை விட்டுவிட்டு ஒருத்தர் பேசியிருக்கிறார். பூனாவிலும் அவர் 148 இடம் என்று எண்ணித்தான் வாங்கினார். காந்திக்கு அங்கே உறவு மொழி இருந்தது, 'ஹரியின் மக்கள்' என்று. நமக்கு எண் தேவைப்பட்டது.

பணத்தைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். 2008 செப்டம்பரில் வவுனியா ராணுவத் தளம் தாக்கப்பட்டபோது இந்தியத் தொழில்நுட்பர்கள் இருவர் காயம்பட்டார்கள். அங்கே இந்திய ரேடார் ஓடிக்கொண்டிருந்தது உலகத்துக்கே தெரிந்துபோனது. 2009 ஜனவரி 29 முத்துக்குமார் சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்தார். பிப்ரவரி 16 அதே பிரணாப் இடைக்கால பட்ஜெட்டில் ராணுவத்துக்கு 1,41,703 கோடி ஒதுக்கினார். அந்த அமைச்சரவையில் திமுக இருந்தது. அமெரிக்க காங்கிரஸ் 1973இல் இந்தோசீனாவில் குண்டு போடப் பணம் கிடையாது என்று சட்டம் போட்டு ஆகஸ்ட் 15 என்று நாளும் குறித்தது. அன்றோடு கம்போடியாவில் குண்டு நின்றது. அவர்கள் வியத்நாமியரை உறவு என்று சொல்லவில்லை.

நின்றிருக்குமா என்று கேட்பார்கள். நாற்பது பேர் விலகினாலும் ராஜபக்சே நிறுத்தியிருக்க மாட்டார் என்று வாதாட ஆள் உண்டு. அந்த வாதத்தில் பலமும் உண்டு. நான் கேட்பது வேறு. இவர்களுக்கு அழுத்தம் கொடுக்கத் தெரியாதா? 2009 ஏப்ரல் 27 காலையில் அண்ணா சமாதியில் தொடங்கிய உண்ணாவிரதம், கனரக ஆயுதம் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு சொன்னதும் மதியத்தோடு முடிந்தது. குண்டு விழுவது நிற்கவில்லை. மே 13 இங்கே ஓட்டு. மே 18, 19இல் அங்கே எல்லாம் முடிந்தது. மே 22 மன்மோகன் சிங் மறுபடி பதவியேற்றார். அன்றைக்குத் திமுக பதவியேற்கவில்லை, இலாகா கணக்குச் சரிவரவில்லை என்று வெளியே நின்றது. எத்தனை கேபினட், எத்தனை இணை, எந்தத் துறை என்று எண்ணி எண்ணிப் பேசினார்கள். மே 27 ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ஆதரவாக இந்தியா ஓட்டுப் போட்டது. 29க்கு 12. மறுநாள் 28ஆம் தேதி திமுகவின் ஏழு பேர் பதவியேற்றார்கள். அந்த ஆறு நாள் பேரத்தில் ஜெனீவாவும் ஒரு அயிட்டமாக இருந்திருக்கலாமே!

அதிமுகவைத் தனியாக எழுதப் பக்கம் இல்லை. போர் என்றால் பொதுமக்கள் சாவது சகஜம் என்ற ரீதியில் ஜனவரியில் பேசிய ஜெயலலிதா மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார், ஏப்ரலில் தனி ஈழம் அமைப்பேன் என்றார். 2011 ஜூனில் பொருளாதாரத் தடை கேட்டும், 2013 மார்ச்சில் பொதுவாக்கெடுப்பு கேட்டும் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. பிணம் ஆறின பிறகு தீர்மானத்தின் தைரியம் ஏறுகிறது. கையறுநிலை பாடுகிறவனுக்கு எதிரி பயம் கிடையாதில்லையா.

நம்ம பக்கத்தையும் பேசணும். 2009 ஜனவரியில் தொல். திருமாவளவன் மறைமலைநகரில் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சேரிகளிலிருந்து பிள்ளைகள் வேன் பிடித்துப் போனார்கள். 'தமிழன்' என்ற சொல்லுக்குள் நமக்கும் இடம் கேட்கிற வேலையாகவும் அது இருந்தது என்றே நான் வாசிக்கிறேன். சில மாதத்தில் அதே காங்கிரஸ் கூட்டணியில் நின்று சிதம்பரத்தில் ஜெயித்தார். அக்டோபரில் டி.ஆர். பாலு தலைமையில் போன எம்.பி.க்கள் குழுவில் போய் முள்கம்பி முகாமையும் பார்த்தார், ராஜபக்சேவையும் பார்த்தார். பிரபாகரனோடு இருந்திருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள் என்கிற மாதிரி ராஜபக்சே அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னதாகச் செய்தி வந்தது. குழுவில் பத்துப் பேர். கிண்டலுக்கு அகப்பட்டது ஒருத்தர்.

நான் இருப்பது மன்னார்புரம். ஜங்ஷன் மேம்பாலத்தில் எங்கள் பக்கம் இறங்க வேண்டிய கை, ராணுவத்துக்குச் சொந்தமான ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலம் கிடைக்காமல் பல வருசம் அந்தரத்தில் நின்றது. சர்வே எண், பரப்பு, மதிப்பு எல்லாம் போட்டு எழுதி எழுதி 2023இல்தான் வண்டி ஓடியது. பாதுகாப்பு அமைச்சகத்திடம் காரியம் ஆக எப்படி எழுத வேண்டும் என்பது இந்த ஊர் எம்.பி.க்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெரியும். டி.வி.எஸ். டோல்கேட் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் போனால் மத்திய சிறை. அந்த வளாகத்துக்குள் 'சிறப்பு முகாம்'. இன்னும் கொஞ்சம் போனால் கொட்டப்பட்டு முகாம். 2021இல் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றினார்கள். அங்கே ஒரு பெரியவரிடம் இந்தத் தீர்மானங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "எல்லாத்துலயும் உறவுன்னு போட்டிருக்காங்க தம்பி, கார்டுல மட்டும் அகதின்னு போட்டிருக்கு" என்றார்.

2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருக்கும் 65 பேர் போட்ட வழக்கு. தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள், கலவரத்தில் தப்பி எண்பதுகளில் இங்கே வந்தவர்கள், நாங்கள் இந்திய வம்சாவளி, குடியுரிமை கொடு என்று கேட்டார்கள். அவர்களது விண்ணப்பங்களைக் காலக்கெடுவுக்குள் பரிசீலிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருசம் டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயர் இருந்தது. இலங்கை இல்லை.