புழுவா, மண்ணா? இரத்த வகை எதிர்ப்பொருள் ஆய்வுகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

வயிற்றில் பூச்சி இருப்பவர்களின் இரத்தத்தில் ஆன்ட்டி-ஏ, ஆன்ட்டி-பி எதிர்ப்பொருள்கள் கூடுதலாக இருக்கும் என்ற கருத்து 80 வருஷமாக ஆய்வுலகில் சுற்றி வருகிறது. போர்ட்டோ ரிக்கோவின் ஒலிவர்-கொன்சாலஸ், ஒட்டுண்ணிகளின் சாற்றில் இரத்த வகைப் பொருளை ஒத்த ஏதோ ஒன்று இருப்பதாக 1944-இல் எழுதினார். 1959-இல் சோல்ஸ்பியும், 'கூம்ப்ஸ் டெஸ்ட்' என்று நாம் சொல்லும் பரிசோதனைக்குப் பெயர் தந்த கூம்ப்ஸும் நாக்குப்பூச்சியை (உருண்டைப்புழு) வைத்து இதை ஆராய்ந்தார்கள். மனிதர்களிடம் இதைச் சோதிக்க எளிய வழி, புழு உள்ளவர்கள் ஒரு வரிசை, இல்லாதவர்கள் ஒரு வரிசை என்று இரத்தத்தை ஒரே ஒரு முறை எடுத்து ஒப்பிடுவது. என் சண்டை இந்த வழியோடுதான். கருத்தே தப்புன்னு சொல்ல வரலை. இந்த ஒப்பீடு அதை நிரூபிக்கப் போதாது என்கிறேன்.

முதலில் கருத்தின் பலம். ஏ, பி என்பவை சிவப்பணுக்களின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். ஓ வகைக்காரருக்கு இரண்டுமே அந்நியம். அதனால் அவர் உடல் இரண்டுக்கும் எதிர்ப்பொருள் செய்து வைக்கிறது. அதே மாதிரிச் சர்க்கரை புழுவின் உடம்பிலும் இருந்தால் எதிர்ப்பொருள் ஏறுவது இயல்பு. இதற்கு நல்ல சாட்சி குடலுக்கு வெளியே இருந்து வருகிறது. நாடாப்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு புழுவின் இளம்பருவம் ஈரலில் உண்டாக்கும் ஹைடாடிட் நீர்க்கட்டியில் 'பி1' என்னும் வேறொரு இரத்த வகைப் பொருள் இருப்பதை 1957-இல் கேமரனும் ஸ்டேவ்லியும் கண்டார்கள். பி1 இல்லாத ஒருவருக்கு அந்தக் கட்டி வந்தால் ஆன்ட்டி-பி1 பலமாக ஏறலாம். நாய்க்குடலில் வாழும் டாக்சோகாராவின் இளம்புழுக்கள் ஆய்வகத் தட்டிலேயே ஏ, பி போன்ற பொருள்களைச் சுரக்கின்றன என்று 1983-இல் ஒரு கட்டுரை காட்டியது. ஆக, புழுவால் முடியும். நம் குடலில் இருக்கும் புழு அதைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே குறுக்கே வருவது பாக்டீரியா. கிருமி படாமல் வளர்த்த கோழிக்குஞ்சுகளில் வழக்கமான ஆன்ட்டி-பி உருவாகவில்லை என்று ஸ்பிரிங்கர் குழு 1959-இல் காட்டியது. ஈ.கோலையின் ஒரு வகை, பி போன்ற சர்க்கரையைச் சுமக்கிறது. அது குடலுக்குள் போனாலே ஆன்ட்டி-பி ஏறலாம். யோசித்துப் பாருங்கள்: புழு முட்டை வரும் அதே கை, அதே தண்ணீர், அதே கொல்லைப்புற மண் வழியாகத்தான் இந்த பாக்டீரியாவும் வருகிறது. புழு உள்ளவருக்கு எதிர்ப்பொருள் அதிகம் என்றால் காரணம் புழுவா, மண்ணா? ஒரே ஒரு முறை எடுத்த இரத்தம் இதைச் சொல்லாது.

அடுத்த சிக்கல், 'குடல் புழு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது. பழைய சாட்சியம் பெரும்பாலும் நாக்குப்பூச்சி பற்றியது. தமிழ்நாட்டிலோ, திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் நடந்த 'டீவார்ம்3' ஆய்வில் மிகுதியாகக் கிடைத்தது கொக்கிப்புழு. இரண்டும் வேறு வேறு உயிர்கள். டெல்டாவுக்குள்ளேயே கூட எல்லா இடமும் ஒன்றில்லை. தண்ணீர் கட்டிய நடவு வயலில் கொக்கிப்புழுவின் இளம்புழு நிலைக்காது. ஈரமும் நிழலும் உள்ள மணற்பாங்கான தோப்பு மண்தான் அதற்குப் பிடிக்கும். வேளாங்கண்ணிப் பக்கத்துக் கடலோரத் தோப்பையும் தஞ்சாவூர்க் களிமண் வயலையும் 'டெல்டா' என்று ஒரே வரியில் போட்டால் கணக்கு கெடும். திருவிழா நாட்களில் (ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை) வேளாங்கண்ணி மருத்துவமனை ஒன்றில் மாதிரி எடுத்தால் இன்னும் மோசம். பல மாநிலத்து யாத்திரிகர்கள் கலந்திருப்பார்கள்; ஏ, பி, ஓ விகிதமே ஊருக்கு ஊர் மாறும்.

அளவீட்டிலும் கவனம் வேண்டும். டைட்டர் என்பது சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து பார்ப்பது. 64-க்கும் 128-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு குழாய். கை மாறினாலே ஒரு குழாய் தள்ளிப் போகும். ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் பிரிக்காமல் ஒரே எண் தந்தால் அர்த்தம் இன்னும் மங்கும்.

இதெல்லாம் வெறும் நூலகச் சண்டையா? இல்லை. ஓ வகைக் கொடையாளியின் பிளேட்லெட்டை அவசரத்தில் ஏ வகைக் குழந்தைக்கு ஏற்றும்போது, கூடவே போகும் பிளாஸ்மாவில் ஆன்ட்டி-ஏ மிகுதியாக இருந்தால் குழந்தையின் சிவப்பணுக்கள் உடையலாம். ஓ வகைத் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், ஏ அல்லது பி வகைப் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை தரலாம். புழுதான் காரணம் என்றால் ஒரு பூச்சி மாத்திரை இரத்த வங்கியின் பாதுகாப்பையும் தொடுகிறது. இல்லையென்றால் நாம் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு ஆபத்தும் உண்டு: "இந்த வகை இரத்தத்துக்குப் பூச்சி வராது" என்று யாராவது இதைத் திரித்து, பிள்ளைக்கு மாத்திரை தராமல் விட்டுவிடலாம்.

விடை தேட வழி கையிலேயே இருக்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு 400 மி.கி. அல்பெண்டசோல். இந்த மருந்து புழுவைக் கொல்லும். பாக்டீரியாவுக்கான மருந்து இல்லை. மாத்திரைக்கு முன்பும், சில மாதம் கழித்தும் அதே பிள்ளைகளிடம் மலமும் இரத்தமும் எடுக்கட்டும். எந்தப் புழு, எத்தனை முட்டை என்று எண்ணட்டும். ஏ, பி, ஓ வகைகளைத் தனித்தனியே பார்க்கட்டும். கூடவே டெட்டனஸ் மாதிரி சம்பந்தமில்லாத ஓர் எதிர்ப்பொருளையும் அளக்கட்டும். யாருக்கும் மாத்திரையை மறுக்க வேண்டாம். புழு இல்லாமலே மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் ஒப்பீட்டுக்கு இருக்கிறார்கள். மண் அதே மண், தண்ணீர் அதே தண்ணீர். புழு போன பிள்ளையிடம் மட்டும் ஆன்ட்டி-ஏ இறங்கினால் நான் நம்பத் தயார். அதுவரை இந்த ஒரு முறை ஒப்பீட்டை ஒரு நல்ல சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொள்வோம்.