எரர் கோட்: படிக்கலாம், அழிக்கலாமா?

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் இப்போதெல்லாம் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டியதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி எனப்படும், வண்டியின் சுயபரிசோதனைத் தகவலைத் தரும் 16 பின் சாக்கெட் இருக்கிறது. அதில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் எரர் கோட் மொபைலுக்கே வந்துவிடும். அதே ஆப்பில் கோடை அழிக்கும் பட்டனும் உண்டு. படிப்பதற்கு என் முழு ஆதரவு, அழிப்பதில்தான் வம்பு.

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த விதிதான். ஆனாலும் பூட்டி வைத்திருந்த தகவலை அது வண்டிக்காரர் கைக்குக் கொண்டுவந்தது. பி0301 என்றால் எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

அதற்காக, கோட் சொல்லும் பாகத்தை மாற்றினால் போதும் என்று நினைப்பது பணத்துக்குக் கேடு. பி0171-ஐ எடுத்துக்கொள்வோம். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. உள்ளதைச் சொன்ன சென்சாருக்குத் தண்டனை! மாற்றுவதற்கு முன் லைவ் டேட்டாவில் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது எஞ்சின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை, பார்க்க வேண்டும். ஐடிலில் அது +20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால், இன்டேக் பக்கம் ஏதோ ஒரு ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடினால் கரைந்துவிடுகிறது. மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் தேட வேண்டும். கோட் ஒன்றுதான், வைத்தியம் வேறு.

கோடை அழிக்கும்போது காரணத்தைத் தேட உதவும் தடயமும் சேர்ந்து போகிறது. பழுது பதிவான நொடியில் ஆர்பிஎம், எஞ்சின் சூடு, வேகம், லோடு எவ்வளவு என்று இசியூ (எஞ்சின் கணினி) எடுத்துவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் அழிந்துவிடும். இசியூவின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். பல பழுதுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தவறு தெரிந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே அழித்ததும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியானதுபோல் இருக்கும். பழைய கார் விற்பவருக்கு அந்தக் கொஞ்ச நேரமே போதும்.

இந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் அமெரிக்காவில் பெர்மனென்ட் கோட் வந்தது. அதை ஸ்கேனரால் அழிக்க முடியாது. பழுது நீங்கியதை இசியூ தானே சோதித்து உறுதி செய்தால்தான் போகும். கலிபோர்னியா புகைச் சோதனையில் 2019 ஜூலை முதல் அதையும் பார்க்கிறார்கள். சரியான ஏற்பாடு.

பழுதைச் சரிசெய்த பிறகு அழிப்பதில் குற்றமில்லை. பழுது திரும்பி வருகிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் அவசியமும் இல்லை. தவறு திரும்பாமல் மூன்று ஓட்டங்கள் போனால் விளக்கு பொதுவாகத் தானே அணைந்துவிடும்.

ஸ்கேனர் வாங்குங்கள், தாராளமாக. அழிப்பதற்கு முன் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய கார் பார்க்கப் போனால் ரெடினஸ் பக்கத்தைத் திறங்கள். பல மானிட்டர்கள் முடியாமல் இருந்தால், பேட்டரியைக் கழற்றினோம் என்று விற்பவர் காரணம் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். நன்றாக ஓட்டிக்காட்டச் சொல்லி, மறுபடி ஸ்கேன் செய்த பிறகு விலை பேசுங்கள்.