செவிக்குரிய உரைநடை: ஒலிநூலாகக் கேட்கத்தக்க சில தற்காலப் படைப்புகள்

நூலைக் கேட்டறிதல் தமிழர்க்குப் புதிய பழக்கமன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கேள்வியைப் பற்றியது. மலாயாத் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' போன்ற நாளிதழ்களை உரக்கப் படிக்க, சுற்றி அமர்ந்தோர் கேட்டு உலகச் செய்தி அறிந்தனர். இன்று மாறியிருப்பது கருவியே. ஒலிநாடாவும் குறுவட்டும் போய்க் கைப்பேசி வந்துள்ளது. ஜொகூரில் அதற்குத் தனிப் பயனும் உண்டு. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே விடியுமுன் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் செல்லும் நம்மவர்க்கு நூலை விரிக்க வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை. செவி மட்டுமே ஓய்வாக இருக்கிறது.

ஆயினும் எல்லா நல்ல நூலும் செவிக்குரிய நூல் ஆகாது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) கண்ணால் நின்று நிதானித்துப் படித்து, முன்பக்கத்துக்குத் திரும்பி, மீண்டும் தொடர வேண்டிய படைப்பு. அதனைப் பேருந்தில் கேட்பவர் பாதி வழியில் உறங்கிவிடுவார்; குற்றம் அவருடையதன்று. பேச்சை உயிராகக் கொண்ட உரைநடையே ஒலிநூலுக்கு உகந்தது என்பது நம் கருத்து. அவ்வகையில் தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சிலவற்றை இங்குப் பரிந்துரைக்க விழைகிறோம்.

முதலாவது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் இது. பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை மணந்த பொறியியல் பட்டதாரிப் பெண் தீக்காயத்துடன் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். வெளியே தாயும் தந்தையும் உறவினரும் காத்திருக்கின்றனர். நாவலின் பெரும்பகுதி இக்காத்திருப்பில் எழும் பேச்சு. அச்சில் படிக்கும்போது திரும்பத் திரும்ப வரும் புலம்பலை நம் கண் தாண்டிச் செல்ல முனைகிறது. அறிந்த செய்திதானே என்று பத்திகளை விட்டுவிடுகிறோம். செவிக்கு அவ்வசதி இல்லை. தாய் ஒன்றையே பத்தாம் முறை சொல்லும்போது பத்தாம் முறையும் கேட்டே ஆகவேண்டும். அப்போதுதான் அது கூறியது கூறல் என்னும் குற்றமன்று, ஒப்பாரியின் அமைப்பு என்பது புலப்படுகிறது. மகளுடன் பேசாதிருந்த தந்தையின் மௌனமும் அவ்வாறே. சுற்றிலும் குரல்கள் எழ, ஒரு குரல் மட்டும் எழாதிருப்பதைச் செவி உடனே உணரும். இந்நாவலை முன்பே படித்தவர்களும் ஒருமுறை கேட்டல் நன்று.

தன்வரலாறுகளுள் பாமாவின் 'கருக்கு' (1992), கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) ஆகிய இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். இலக்கணத் தமிழுக்கு வெளியே நின்ற ஊர்ப்பேச்சையே எழுத்தாக்கியது 'கருக்கு'. அதனைச் செய்தி வாசிப்பவரின் குரலில் படித்தால் நூலே இல்லாமற்போகும். குணசேகரனோ நாட்டுப்புறப் பாடகர். 2016இல் அவர் மறைந்த பின்னும் அவர் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகள் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றை முதலில் கேட்டுவிட்டு 'வடு'வுக்குச் செல்வோர்க்கு வாக்கியங்களின் தாளம் பிடிபடும். அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' (2008) வேறு வகையானது. தன்வரலாறா நாவலா என்று பிரிக்க இயலாத அந்நூலின் இயல்கள் தனித்தனியே நிற்பவை. ஒரு பயணத்துக்கு ஓர் இயல் போதும். அவருடைய நகைச்சுவை முகம் மாறாமல் சொல்லப்படுவது. வாசிப்பவர் கேட்பவருக்கு முன்பே சிரித்துவிட்டால் சுவை கெடும்.

இவ்விடத்தில் வாசிப்பு, நடிப்பு, சொல்லல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்துதல் தேவை. பாம்பே கண்ணன் பல குரல்களைக் கொண்டு ஒலிநூலாக்கிய 'பொன்னியின் செல்வன்' நடிப்பின்பாற்பட்டது. வார இதழ்த் தொடராக வளர்ந்த கல்கியின் கதைக்கு அம்முறை பொருந்துகிறது. தீபிகா அருணின் 'கதை ஓசை' ஒரு குரல் வாசிப்பு. திருவண்ணாமலையைச் சேர்ந்த பவா செல்லதுரை செய்வது கதை சொல்லல். கதையைத் தம் நினைவில் வாங்கித் தம் சொற்களில் தருகிறார். அவையோர் ஈர்க்கப்படுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கு நாம் கேட்பது பவாவின் உரைநடையே. மூல ஆசிரியரின் வாக்கியம் அன்று. அதனைக் கேட்டுவிட்டு அக்கதையைப் படித்ததாக மாணவர் தேர்வில் எழுதுவாராயின் ஆசிரியர் இடித்துரைக்க வேண்டும். தற்காலப் புனைகதைக்குப் பின்னணி இசையற்ற ஒரு குரல் வாசிப்பையே நாம் விரும்புகிறோம்.

இனி நம் நாட்டு நூல்கள். ரெ. கார்த்திகேசு (1940–2016) வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றிய பின் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ஒலிவாங்கிக்கு எழுதிப் பழகிய கை என்பது அவருடைய 'அந்திம கால'த்தின் சீரான வாக்கியங்களில் தெரியும். நோயையும் மரணத்தையும் பேசும் அந்நாவலைத் தெளிந்த குரலுடைய எவரும் வாசித்துவிடலாம். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அப்படியன்று. அங்குக் கதைமாந்தர் பேசுவது தோட்டத்துத் தமிழ். கித்தா, தவுக்கே, மண்டோர், கிராணி, பெரட்டு, ஒட்டுப்பால் என மலாயும் சீனமும் ஆங்கிலமும் தமிழும் ஒரே உலையில் வெந்த மொழி அது. சென்னையில் பயின்ற குரல் இதனை எவ்வாறு ஒலிக்கும்? தமிழ் எழுத்தில் வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடு தெரிவதில்லை. 'பசார்' என்று அச்சில் கண்டதும் அக்குரல் அதனைப் 'பஜார்' என்றே ஒலிக்கும். மலாய் வழிவந்த நம் சொல்லின் முதலெழுத்து வன்மையானது என்பதைச் செவிவழி அறிந்தவரே அறிவர். ஓர் எழுத்தின் ஒலிப்புத்தானே என்று சிலர் கருதலாம். அவ்வோர் எழுத்தில்தான் கதை நிகழும் நிலம் இருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்த குரலில் நம் தோட்டப்புற நாவல்களைக் கேட்கும் வாய்ப்பு இன்று அரிது. ஜொகூரின் ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் ஸ்கூடாய், மாசாய் அடுக்குமாடிகளில் குடியேறினர். இன்றைய மாணவர்க்குப் பெரட்டு என்பது அருஞ்சொற்பொருள் பட்டியலில் இடம்பெறும் ஒரு சொல். நூல்கள் நூலகத்தில் இருக்கும். அவற்றை ஒலிக்கத் தெரிந்த தொண்டை இருக்காது.

எனவே பரிந்துரைத்தலோடு நில்லாமல் நாமே பதிவுசெய்தலும் வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) ஆகிய நாவல்களிலிருந்து தொடங்கலாம். சப்பானியர் 1942–43இல் அமைத்த, 415 கிலோமீட்டர் நீண்ட பாதையில் மாண்ட தோட்டத் தமிழரைப் பற்றியவை இவை. அக்காலத்தில் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்கூட இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். ஆனால் அவர்களுடைய பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்னும் நம்மிடையே உள்ளனர். விவரிப்புப் பகுதியைப் பயிற்சி ஆசிரியர் ஒருவர் வாசிக்க, உரையாடலை அத்தகைய மூத்தவர் ஒருவர் பேசலாம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுவரை உரிமை நீடிப்பதால் ஆசிரியரிடமோ குடும்பத்தாரிடமோ முன்னனுமதி பெறுதல் இன்றியமையாதது. பதிவின்போது மூத்தவரின் உச்சரிப்பை இளையவர் திருத்த முற்படலாகாது.